ஒன்றுதான் இருந்தால்

ஆறாவது நாளும் தாள் ஈரமாகவே இருந்தது.

செடிகளை அமுக்கிக் காயவைக்கும் பலகைகளின் மேல் கனத்துக்காக வைத்திருந்த பழைய தையல் மிஷின் தலையைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, இரண்டு பெல்ட்டையும் அவிழ்த்து, அவள் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கூட வைத்த மற்ற இரண்டு செடிகளும் புதன்கிழமையே காய்ந்து, தொட்டால் சரசரக்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டன. இது மட்டும் அன்றைக்குத்தான் பிடுங்கியது போலப் பச்சையாக, தனக்கு அடியில் ஏழெட்டுத் தாளை நனைத்துக்கொண்டு சௌகரியமாகப் படுத்திருந்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பு ஈரத்தாளை உருவிவிட்டுக் காய்ந்த தாளை வைத்துவிட்டுப் போகிறாள். மாலையில் வந்து பிரித்தால் மறுபடி ஈரம். முறுக்கிப் பிழிந்தால் சொட்டுகிற ஈரம். ஒரு கீரைக்கட்டை ஒரே ஒரு நாள் வெளியில் வைத்தால் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டுக்குள் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவளுக்கு எல்லாமே தன் தப்பாகத்தான் தோன்றும். பெல்ட்டைச் சரியாக இறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான்காவது ஓட்டை வரை இழுத்து மாட்டினாள்.

அவளுக்கு ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. மூக்குக்கண்ணாடிக்கான லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு உரசி எடுக்க வேண்டும். இருபத்து மூன்று வருடமாக அதே கல், அதே ஸ்டூல், கல்லின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் அதே தண்ணீர். முன்னறைக்கு வருகிறவர்களின் முகம் அவளுக்குத் தெரியாது. சீட்டில் எழுதி வரும் பவர் மட்டும் தெரியும். தெருவில் யாராவது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பஸ் நம்பர் படித்தால், மைனஸ் ரெண்டேகால் இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். ஊராரோடு அவளுக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

நூலகத்து வாசலில் ‘புல்லை அறிவோம், ஆறு வகுப்புகள், இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை’ என்ற நோட்டீஸைப் பார்த்துப் பெயர் கொடுத்தது புல் மேல் இருந்த ஆசையால் இல்லை. சனிக்கிழமை கடைக்கு அரை நாள். மீதி அரை நாளில் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்ததால், சின்ன வயதிலிருந்தே செடிகொடி என்றால் உயிர் என்று ஒரு பொய்யை அடித்துவிட்டாள். பிறகு என்ன ஆச்சரியமோ, அது உண்மையாகிவிட்டது.

வகுப்பு எடுத்த டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். காய்ந்த செடிகளை அலமாரி அலமாரியாக அடுக்கிவைத்திருக்கும் ஒரு கூடத்தில் வேலை பார்ப்பவர். முதல் நாளே ஆளுக்கு மூன்று தண்டைக் கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

"கண்ணை நம்பாதீங்க. கண்ணுக்கு எல்லாம் புல்லாத்தான் தெரியும். ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டுங்க. மூணு மூலை தட்டுப்பட்டா கோரை. உருண்டையா இருந்து, நடுவுல முட்டி முட்டியா வந்தா புல். உருண்டையா இருந்து முட்டியே இல்லாம வழுக்கிட்டுப் போச்சுன்னா மூணாவது ஜாதி. அதுக்கு நம்ம ஊசித்தண்டுன்னு பேர் வச்சுக்கலாம்."

இருபத்து மூன்று வருடமாக லென்ஸ் விளிம்பைத் தடவித் தடவியே பிழைத்த விரல்கள் அவளுக்கு. வகுப்பிலேயே அவள்தான் மூன்றையும் தப்பில்லாமல் சொன்னாள். அடுத்த வகுப்புக்குக் கடையில் கழித்துப்போட்ட கண்ணாடித் துண்டுகளை உரசி, ஒன்பது பேருக்கும் டீச்சருக்குமாகப் பத்து பூதக்கண்ணாடி செய்து எடுத்துப்போனாள். அன்றையிலிருந்து அவள் பெயர் லென்ஸக்கா. ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பட்டப்பெயர் கிடைத்ததற்கு, வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

இன்னொரு பாடமும் டீச்சர் சொல்லியிருந்தார். அதை ஒவ்வொரு முறை வெளியில் போகும்போதும் திருப்பித் திருப்பிச் சொல்வார்.

"எடுக்கறதுக்கு முன்னாடி எண்ணுங்க. ஒரே ஜாதி இருபது நிக்குதா, தாராளமா ஒண்ணு எடுங்க. ஒண்ணுதான் நிக்குதா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அது எவ்வளவு அழகா இருந்தாலும் சரி."

ஐந்தாவது வகுப்பு ஏரிக்கரையில் நடந்தது. கடைசி வகுப்புக்கு ஆளுக்கொரு தாள் கொண்டுவர வேண்டும், தானே கண்டெடுத்துத் தானே காயவைத்த செடி ஒட்டிய தாள். மற்றவர்களெல்லாம் எதையோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் பையில் இருந்த இரண்டும் எந்த வாய்க்கால் ஓரத்திலும் கிடைக்கிற சாதாரணச் சரக்கு. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, ஏரியின் கோடிக்கு நடந்து போனாள். அங்கே இடுப்பளவு மண்டிக் கிடந்த கோரைக்கு நடுவில், வட்டமாக வெறும் சேறு. வட்டத்தின் நடுவில் அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒரே ஒரு தண்டு. காற்று வீசிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த கோரை எல்லாம் சாய்ந்து எழுந்தது. அது மட்டும் அசையவில்லை.

அவள் எண்ணினாள். ஒன்று. அதற்கு மேல் எண்ண என்ன இருக்கிறது? சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. அடியில் கை விட்டுப் பிடுங்கியபோது, அடம்பிடிக்காமல், யாரோ நெடுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது போன்ற ஒரு சத்தத்தோடு வந்துவிட்டது. வேர் என்று ஐந்தே ஐந்து இழைகள். செடியோடு வைக்க வகுப்பில் கொடுத்திருந்த சீட்டில் தேதி எழுதினாள், இடம் எழுதினாள். ‘எத்தனை இருந்தன’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, ‘இருபதுக்கு மேல்’ என்று எழுதினாள்.

டீச்சர் ஒரே ஒரு தடவை ‘பலே லென்ஸக்கா’ என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை ஃபோன் செய்தாள். வாரத்துக்கு ஒரு ஃபோன், அதுவும் அவள் சமையல் செய்துகொண்டே பேசுவது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் கிடைக்கும் பத்து நிமிடம்.

"சாப்டியாக்கா?"

"ஆச்சு. நான் ஒரு செடி எடுத்துட்டு வந்தேன்டி. ஒன்பது நாளாப் போகுது, காயவே மாட்டேங்குது."

"எடுத்துக் குப்பையில போடு. அதுக்குப் போய் உக்காந்து கவலைப்படுவியா?"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தோல் பெல்ட் இழுபடுகிற சத்தம். கட்டிலுக்குக் கீழே, பலகைகள் இருந்த பக்கத்திலிருந்து மெதுவாக வந்து, நின்று, மறுபடி வந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் தூங்குகிறவரின் மூச்சுக்கு ஏற்றபடி அவர் மடியில் இருக்கும் பை ஏறி இறங்குமே, அந்த நிதானத்தில் வந்தது. அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். மறுபடி காதில் வைத்தபோது தங்கை வேறு எதையோ பேசி முடித்து, சரி வச்சுடறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் பேசேன்," என்றாள் அவள்.

"அடுப்புல இருக்குக்கா. அடுத்த வாரம் பேசறேன்."

குனிந்து பார்த்தபோது பெல்ட் இரண்டாவது ஓட்டையில் மாட்டியிருந்தது. நான்காவதில் மாட்டினோமா, இரண்டாவதில் மாட்டினோமா என்று அவளே தன்னைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டாள். தனியாக இருக்கிறவர்களுக்கு இது ஒரு தொல்லை. சாட்சி சொல்ல ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமைக்குள் வீடு முழுக்க வாடை வந்துவிட்டது. தண்ணீர் வற்றிய குளத்தின் அடிச்சேற்று வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாள், தரையைத் துடைத்தாள், தலையணை உறையை மாற்றினாள். வாடை போகவில்லை, உப்பும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. அது எந்த வாடை என்று வெகுநேரம் தெரியாமல் இருந்து, சட்டென்று புரிந்தது. வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவர்களின் சட்டையில் வருகிற வாடை.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே செடியை ஜன்னலருகே எடுத்துப்போய்க் கண்ணை மூடி உருட்டினாள். மூன்று மூலை. சரி, கோரை. இன்னும் கொஞ்சம் மேலே உருட்டினாள். உருண்டை. இன்னும் மேலே ஒரு முட்டி. மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை மூலையே இல்லை. முட்டி இருந்தது, ஆனால் வேறு இடத்தில். அவள் விரல்கள் இதுவரை அவளை ஏமாற்றியதில்லை. கண்ணைத் திறந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். புல்லின் தண்டில் கோடுகள் நீளவாக்கில் நேராக ஓடும் என்று அவளுக்குத் தெரியும். இதில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் ஒரு இடத்தில் வளைந்து, சுழித்து, சுழிக்குள் சுழியாகப் போயின. தன் கட்டைவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

உடனே டீச்சருக்கு ஃபோன் செய்தாள். ஒன்றுதான் இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. சுற்றி வளைத்து ஏரிக்கோடியைப் பற்றிக் கேட்டாள்.

"அந்தக் கோடியா? அங்க நான் அவ்வளவா போனதில்லக்கா. போன பேட்ச்ல ஒரு தபால்காரர் படிச்சார். அவர்தான் அங்க வித்தியாசமா ஒண்ணு கெடச்சிருக்கு, கடைசி வகுப்புல காட்டறேன்னார். ஆனா வரவே இல்ல."

"ஏன்?"

"தெரியல. ஃபோன் பண்ணேன், எடுக்கல. வேலை மாத்தலாகிப் போயிருப்பார்."

"யாராவது வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?"

"வீடு எங்கன்னு யாருக்குத் தெரியும்? தனி ஆளு. வருவாரு, ஓரமா உக்காருவாரு, போயிடுவாரு. பாவம், நல்ல மனுஷன்." டீச்சர் பேச்சை மாற்றி, "உங்க தாள் ரெடியாக்கா?" என்று கேட்டார்.

"ஆயிட்டே இருக்கு," என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அவள் ஒரு கணக்குப் பார்த்தாள். நாளைக்கு நான் இல்லாமல் போனால் யாருக்கு எப்போது தெரியும்? கடை முதலாளிக்கு அன்றைக்கே தெரியும், ஆனால் உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். மூன்றாம் நாள் கோபம் வரும். ஒரு வாரத்தில் வேறு ஆள் போட்டுவிடுவார். தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியும். எடுக்கவில்லை என்றால், அக்கா எங்கேயோ வெளியில் போயிருக்கிறாள் போல என்று சந்தோஷப்பட்டாலும் படுவாள். கீழ்வீட்டுக்காரர்களுக்கு வாடை வந்தால்தான் தெரியும். வகுப்பில் இருக்கிற மற்ற எட்டு பேர்? அவர்களுக்கு அவளைப் பிடிக்கும். லென்ஸக்கா எங்கே என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி இருந்தது அவளுக்கு. அதைத்தான் இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்தாள். பொய்ச் சீட்டு எழுதிய செடியைக் கொண்டுபோய் வைத்தால் அதுவும் போய்விடும். சனிக்கிழமைக்குள் எடுத்த இடத்திலேயே இதை வைத்துவிட வேண்டும். வெறுங்கையோடு போய் உண்மையைச் சொல்லிவிடலாம். டீச்சர் திட்டினால் திட்டட்டும்.

அந்த முடிவு எடுத்ததும் மனசு லேசாகிவிட்டது. கட்டிலுக்கடியில் பெல்ட்டும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. அது நிறுத்தியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பலகையைப் பிரிக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. நீளத்தண்டைத் தாளுக்குள் அடக்குவதற்காக அவள் இரண்டு இடத்தில் மடித்து வைத்திருந்தாள். அது மடிப்பை எல்லாம் நிமிர்த்திக்கொண்டு, பலகையின் இரண்டு பக்கமும் வெளியே நீண்டிருந்தது. தையல் மிஷின் தலை பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. செடியின் நுனி வாசற்கதவைப் பார்த்திருந்தது.

"கொண்டுபோய் விடறேன்," என்றாள் சத்தமாக. அவள் வீட்டுக்குள் இன்னொருவரிடம் பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. "சாயங்காலம் கடை விட்டதும் கொண்டுபோய் விடறேன்."

ஈரச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, கடைக்கே எடுத்துப்போய்ப் பின்னறை மூலையில் சாத்தி வைத்தாள். நாள் முழுக்கக் கல்லில் தண்ணீர் சொட்டியது, மூலையிலும் சொட்டியது. இரண்டு சொட்டும் ஒரே தாளத்தில் விழுந்தன. ஐந்து மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் புடவையை ஒதுக்கிக்கொண்டு, "ஏம்மா, உங்க குடை சொட்டுது பாருங்க," என்றாள். வெளியே பத்து நாளாக மழையே இல்லை.

ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கியபோது வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு இருந்தது. கோடி வரை நடந்தாள். அந்த வட்டச் சேறு அப்படியே இருந்தது. நடுவில், பன்னிரண்டு நாளுக்கு முன்பு அவள் பிடுங்கிய குழியும் அப்படியே இருந்தது. தூர்ந்துபோகவில்லை. அவள் விரல் பதிந்த தடம்கூட விளிம்பில் அழியாமல் இருந்தது. தவளைச் சத்தம் ஏரி முழுக்கக் கேட்டது, இந்த இடத்தைச் சுற்றி மட்டும் கேட்கவில்லை. கைப்பையைக் கரையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, சேற்றில் இறங்கினாள். குளிராக இருக்கும் என்று நினைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மண்டியிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தாள். ஐந்து வேர்களையும் குழிக்குள் இறக்கினாள். பக்கத்துச் சேற்றை அள்ளிப் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள்.

"மன்னிச்சுக்கோ," என்றாள். "தெரியாம எடுக்கல. தெரிஞ்சுதான் எடுத்தேன். மன்னிச்சுக்கோ."

கையை வெளியே எடுக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

சேறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சேறு அப்படித்தான் பிடிக்கும். மெதுவாக இழுத்தால் விட்டுவிடும். மெதுவாக இழுத்தாள். உள்ளே, அவள் விரல்களுக்கு நடுவில், ஏதோ ஒன்று நுழைந்து இறுக்கியது. வேர். ஐந்து வேர்.

அவள் கண்ணை மூடினாள். பயத்தில் மூடினாளா, பழக்கத்தில் மூடினாளா, தெரியாது. இரண்டு விரலுக்கு நடுவில் அகப்பட்டதை உருட்டினாள்.

உருண்டை.

முட்டி.

இன்னொரு முட்டி.

அதற்குப் பிறகு நகம்.

கத்தினாளா என்பதும் அவளுக்குத் தெரியாது. பிடி இறுகியது, அவள் தோளை இழுத்தது, அவளைப் பற்றிக்கொண்டு ஒரு கனம் மேலே ஏறியது. கிணற்றிலிருந்து ஏறுகிறவர் கயிற்றைப் பிடிப்பது போல அவளைப் பிடித்துக்கொண்டு ஏறியது. முழங்காலுக்குக் கீழே அவளுக்கு உணர்வு இல்லை. பிறகு இடுப்புக்குக் கீழே இல்லை. கண்ணைத் திறந்தபோது முகத்துக்கு நேரே சேறு வழியும் இரண்டு கால்கள். காக்கிக் கால்சட்டை. ஒரு மனிதர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வெகுநாள் மூச்சே விடாதவர் விடுகிற மூச்சு.

அவர் குனிந்து அவளைப் பார்த்தார். மெலிந்த, சாதுவான முகம். அதில் கோபம் இல்லை, வெட்கம் இருந்தது.

"நீங்களும் எண்ணலையாம்மா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அவர் வட்டத்தை விட்டு அவசரமாக வெளியே போனார். கரையில் இருந்த அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். காலமெல்லாம் பை சுமந்த தோள், பட்டை தானாகப் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பஸ் வந்து நின்ற சத்தமும், கிளம்பிய சத்தமும் அவளுக்குக் கேட்டன.

வெள்ளிக்கிழமை முழுக்க வெயில். காற்று வீசியது. சுற்றியிருந்த கோரை சாய்ந்து எழுந்தது. அவள் அசையவில்லை, அசைய முடியவில்லை. கண் என்று ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் எல்லாம் தெரிந்தது. தாகம் இல்லை. பசி இல்லை. தனிமை மட்டும் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையாமல். சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது. கடைசி வகுப்பு, ஏரிக்கரையில்தான். அவர்கள் வருவார்கள். கேட்பார்கள்.

வந்தார்கள்.

முதலில் பேச்சுச் சத்தம், பிறகு சிரிப்பு, பிறகு தொப்பிகள். ஒன்பது பேரில் ஒருத்தி குறைய எட்டு பேர், கூட டீச்சர். கடைசியாக, சற்றுத் தள்ளி, தோளில் ஒரு துணிப்பையோடு அந்தத் தபால்காரர். சட்டை மாற்றியிருந்தார், முகம் மழித்திருந்தார்.

"லென்ஸக்கா வரலையா?" யாரோ கேட்டார்கள்.

கேட்டார்கள். கேட்டேவிட்டார்கள். அவளுக்குள் ஏதோ ஒன்று அடியிலிருந்து நுனி வரை ஓடியது.

"ஃபோன் பண்ணேன், ஸ்விட்ச் ஆஃப்னு வருது," என்றார் டீச்சர். "கடையில வேலையா இருக்கும். சரி வாங்க, இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

அவ்வளவுதான்.

"டீச்சர், இங்க ஒண்ணு பாருங்க. இது என்னது?"

வட்டத்தின் விளிம்பில் எல்லோரும் கூடினார்கள். டீச்சர் மட்டும் செருப்போடு இரண்டடி உள்ளே வந்து குனிந்து, இடுப்பிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அவள் உரசிக் கொடுத்த பூதக்கண்ணாடி. அதன் விளிம்பில் ஒரு சின்னச் சில்லு இருக்கும், அதுகூடத் தெரிந்தது. அதற்குப் பின்னால் டீச்சரின் கண், பெரிதாக, ஈரமாக, மிக அருகில்.

"அட, கோடெல்லாம் சுழியா இருக்கு. கைரேகை மாதிரி." டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் அவளைப் பிடித்து உருட்டினார். இருபத்து மூன்று வருடத்தில் யாரும் அவளை இவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை. "மூணு மூலை. இருங்க, இல்ல, உருண்டை. முட்டி இருக்கு. எனக்கே குழப்பமா இருக்கே."

"எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமா டீச்சர்?"

எடுங்கள். எடுங்கள். எடுங்கள்.

டீச்சரின் விரல் தண்டைப் பிடித்தபடியே அடிவரை இறங்கியது. சேற்றைத் தொட்டது. அங்கே கொஞ்சம் நின்றது.

"ஒண்ணுதான் இருக்கு டீச்சர்."

சொன்னவர் தபால்காரர். வட்டத்துக்கு வெளியே, கோரை ஓரத்தில், பைப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கால் நுனிகூடச் சேற்றில் படவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஒண்ணுதான் இருந்தா எடுக்கக்கூடாதில்ல?" என்றார்.

டீச்சர் சுற்றிலும் பார்த்தார். எண்ணினார். எண்ண ஒன்றும் இல்லை. விரலை எடுத்துக்கொண்டார்.

"கரெக்ட். நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க. அழகுதான், என்ன பண்றது? எல்லாரும் கும்பிடு போட்டுட்டு வாங்க."

எட்டு பேரும் சிரித்துக்கொண்டே கையைக் கூப்பிவிட்டு நகர்ந்தார்கள். தபால்காரர் சிரிக்கவில்லை. அவரும் கையைக் கூப்பினார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம். பிறகு அவர்களோடு சேர்ந்துகொண்டார். யாரோ அவருக்குத் தங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

கரையோரமாகச் சற்றுத் தள்ளி, அடர்த்தியான ஒரு கோரைப் புதர் முன்னால் எல்லோரும் குனிந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். இருபது வரைக்கும் அவளுக்குக் கேட்டது.